தோள் வலியும் தோள் இறுக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எந்த எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் உட்கார்ந்தாலும் தோளைப் பற்றி ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் காதில் விழும். பெரும்பாலோர் எல்லாவற்றையும் தோள்பட்டை வலி என்ற ஒரே பெயரில் சொல்கிறார்கள்; வீட்டில் அதைச் சுளுக்கு என்றோ வாயுப் பிடிப்பு என்றோ முடிவுகட்டி, தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தோள் வலிப்பது வேறு, இறுகுவது வேறு, வலு இழப்பது வேறு. இவற்றில் தமக்கு எது முதன்மையானது என்பதை நோயாளியே கவனித்துச் சொல்லிவிட்டால், நோயைக் கண்டறியும் வேலையில் பாதி முடிந்துவிடும். கீழே உள்ள பதில்கள் அந்த நோக்கத்தோடு எழுதப்பட்டவை.

தோள் என்பது ஒரே மூட்டுதானே?

இல்லை. நாம் தோள் என்று சொல்வது மூன்று எலும்புகளும் நான்கு இணைப்புகளும் சேர்ந்த ஓர் அமைப்பு. கழுத்துக்குக் கீழே முன்புறம் கிடையாகப் புடைத்துத் தெரிவது காறை எலும்பு. முதுகில் முக்கோண வடிவில் தட்டையாக இருப்பது தோள்பட்டை எலும்பு. மேற்கையில் இருப்பது புய எலும்பு. புய எலும்பின் உருண்டையான தலை தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழிவில் பொருந்தும் இடமே முதன்மையான தோள்மூட்டு. காறை எலும்பு ஒரு முனையில் தோள்பட்டை எலும்பின் உச்சியோடும் மறு முனையில் மார்பெலும்போடும் சேர்கிறது. நான்காவது இணைப்பு வழக்கமான பொருளில் மூட்டே அன்று. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் தசைகளின் பிடிப்பில் வழுக்கி நகர்கிறது. அந்த ஓர் எலும்பில் மட்டும் 17 தசைகள் ஒட்டியிருக்கின்றன.

கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்தும்போது, ஏறக்குறைய 120 பாகை தோள்மூட்டிலிருந்தும் மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலிருந்தும் கிடைக்கின்றன. ஆகவே தோள்மூட்டு இறுகிப்போனவர், தோள்பட்டையையே காதுவரை உயர்த்தி வேலையைச் சமாளிப்பார். மொட்டை மாடிக் கொடியில் துணி உலர்த்துகிறவரைப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கத் தோள்பட்டை மட்டும் அப்படி ஏறி நின்றால், அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அந்தத் தோளில் ஏதோ குறை இருக்கிறது என்று வீட்டார் அறியலாம்.

உடலின் மற்ற மூட்டுகளைவிடத் தோள் ஏன் எளிதாக நழுவுகிறது, எளிதாக வலிக்கிறது?

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கிறது. தோளில் அப்படி இல்லை. புய எலும்பின் தலை பெரியது; அதைத் தாங்கும் குழிவு சிறியது. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் பிள்ளையின் நிலைதான் அந்த மூட்டின் நிலை. எந்த நேரத்திலும் தலையின் ஒரு சிறு பகுதி மட்டுமே குழிவைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழிவின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் நார்க் குருத்து வளையம் அதைச் சற்று ஆழமாக்குகிறது; எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்களும் மூட்டைச் சூழ்ந்த உறையான மூட்டுறையும் சுற்றி நின்று காக்கின்றன; தலையை ஒவ்வொரு கணமும் குழிவின் நடுவில் இழுத்து நிறுத்தும் பொறுப்பு தசைகளுக்கு உரியது. எல்லாத் திசைகளிலும் கையை வீசும் சுதந்திரம் இந்த அமைப்பால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. தோளில் வரும் பெரும்பாலான கோளாறுகள் எலும்பில் தொடங்காமல், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலும் மூட்டுறையிலும் தொடங்குவதற்குக் காரணமும் இதுவே.

மருத்துவர் ரொட்டேட்டர் கஃப் என்கிறார். அது எது?

தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, புய எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாக அணைத்துப் பிடிக்கும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் சேர்ந்த தொகுதி அது. மேலே செல்லும் சுப்ராஸ்பைனேட்டஸ் கையைப் பக்கவாட்டில் உயர்த்தத் தொடங்கும்போது உதவுகிறது. பின்னாலுள்ள இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரெஸ் மைனரும் கையை வெளிப்புறமாகச் சுழற்றுகின்றன; தலை வாரும்போது அவற்றின் உழைப்பு தேவை. முன்னாலுள்ள சப்ஸ்கேப்புலாரிஸ் கையை உட்புறமாகச் சுழற்றுகிறது. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுசென்று ரவிக்கையின் ஊக்கை மாட்டுவதும் பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுப்பதும் அதன் துணையோடு நடப்பவை. நான்கில் அதிகம் பழுதடைவது சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண். தோள்பட்டை எலும்பின் உச்சியிலுள்ள முகட்டின் கீழே நெருக்கமான இடத்தில் செல்வதும், வயது ஏற ஏற இழைகள் தேய்வதும் அதற்குக் காரணங்கள்.

கையைத் தூக்க முடியவில்லை. எனக்கு வந்திருப்பது ஃப்ரோசன் ஷோல்டர்தானா?

மூட்டுறை இறுகித் தோளின் அசைவு குறைந்துபோவதே ஃப்ரோசன் ஷோல்டர். ஆனால் கை தூக்க முடியாத எல்லாருக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அது கவலை தருகிறது, ஏனென்றால் சிகிச்சை அதனால் திசைமாறுகிறது. வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். முழங்கையைச் செங்கோணமாக மடித்து விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலகாதபடி முன்கையை மட்டும் வெளிப்புறமாகத் திருப்புங்கள். பிறகு வீட்டில் ஒருவரை அதே கையின் மணிக்கட்டைப் பிடித்து மென்மையாக அதே திசையில் திருப்பச் சொல்லுங்கள். நீங்களாகத் திருப்பும்போதும் வராமல், அடுத்தவர் திருப்பினாலும் ஓரிடத்தில் கெட்டியாக முட்டி நின்றால், மூட்டே இறுகியிருக்கிறது. நீங்களாகச் செய்யும்போது வராத அசைவு அடுத்தவர் செய்யும்போது எளிதாக வந்துவிட்டால், மூட்டு திறந்தே இருக்கிறது; தசைநாணோ நரம்போ பழுதாகியிருக்கலாம்.

ஃப்ரோசன் ஷோல்டரில் முதலிலும் அதிகமாகவும் குறைவது இந்த வெளிப்புறச் சுழற்சிதான். மூட்டுத் தேய்மானத்திலும், பின்பக்கமாக நழுவிய தோளிலும் இதே அசைவு தடைப்படும் என்பதால், ஓர் எக்ஸ்ரே எடுத்து அவை இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

ஃப்ரோசன் ஷோல்டர் ஏன் வருகிறது? நீரிழிவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் 1934இல் இந்தப் பெயரை வழங்கினார். மூட்டுறையே தடித்துச் சுருங்குகிறது என்பதை மற்றோர் அமெரிக்க மருத்துவரான நெவியாசர் 1945இல் எடுத்துக்காட்டினார். மூட்டுறையில் முதலில் அழற்சி ஏற்படுகிறது. பிறகு அது தடித்து, தழும்புபோல் இறுகி, மூட்டின் உள்ளிடத்தைக் குறைத்துவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு, பெரும்பாலும் வெளிப்படையான காரணம் ஏதுமின்றியே வருகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும், எலும்பு முறிவுக்காகவோ மார்பக அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ கையை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வருவதுண்டு.

நீரிழிவோடு உள்ள தொடர்பு மிக வலுவானது. பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் இந்நோய், நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும் மேல் வருகிறது. அவர்களுக்கு இரு தோள்களும் பாதிக்கப்படுவதும், குணமாக நீண்ட காலம் பிடிப்பதும் அதிகம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டது. அவர்களில் எத்தனையோ பேர் தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். ஆகவே காரணமில்லாமல் தோள் இறுகியவர் யாராக இருந்தாலும், சர்க்கரைப் பரிசோதனையையும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும். தோளுக்காக வந்த இடத்தில் சர்க்கரை கண்டுபிடிக்கப்படுவது நல்வாய்ப்பு. கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைக் காக்கும் காலம் அப்போதே தொடங்கிவிடுகிறது.

எவ்வளவு காலத்தில் சரியாகும்? ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பொதுவாக மூன்று கட்டங்கள் உண்டு. முதல் சில மாதங்களில் வலி மிகுதி. இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் தூக்கம் கலைந்துவிடும். அடுத்த கட்டத்தில் வலி தணியும், ஆனால் இறுக்கம் நிலைத்துவிடும். மூன்றாவது கட்டத்தில் அசைவு மெல்லத் திரும்பும். மொத்தத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். பெரும்பாலோருக்குப் போதுமான அளவு குணம் கிடைத்துவிடும் என்றாலும், சிலருக்குச் சிறிதளவு இறுக்கம் தங்கிவிடும்.

வலி மிகுந்த முதல் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். வலி குறைந்தால் தூக்கம் வரும், பயிற்சியும் செய்ய முடியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். அதை முன்பே தெரிந்துகொண்டு அந்நாட்களில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அச்சத்தால் ஊசியையே மறுக்க வேண்டியதில்லை. இரண்டாம் கட்டத்தில், மயக்க மருந்து கொடுத்து மூட்டை அசைத்து விடுவிப்பதும் சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்தும் ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் இறுகிய உறையை வெட்டி விடுவதும் உண்டு. பிரிட்டனில் 503 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வு, இவ்விரு முறைகளையும், ஊசியோடு கூடிய இயன்முறைச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டதாக இல்லை. எனவே எளிய வழியிலிருந்து தொடங்குவதே முறை என்பேன்.

வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

கால்மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு தொடங்குங்கள். நல்ல கையால் மேசை விளிம்பைப் பிடித்து, இடுப்பை வளைத்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். உடலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் கை தானாக ஊசலாடும். கையைத் தசை வலுவால் சுற்றக் கூடாது. பலர் இங்கேதான் பிசகி, வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். அடுத்து, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள்; எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் ஒரு கழியைப் பிடித்து, நல்ல கையால் மறு கையை வெளிப்புறமாகத் தள்ளுவதும் பயனுள்ளது. இழுபடும் உணர்வு இருக்கலாம். பயிற்சி முடிந்து நெடுநேரமாகியும் வலி தணியாவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். வலி உச்சத்தில் இருக்கும் காலத்தில் யாரும் உங்கள் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக முறுக்க அனுமதிக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் தசைநாண் கிழிந்திருப்பதாக எழுதியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை கட்டாயமா?

அறிக்கையில் கிழிசல் என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் பலரும் கலங்கிப்போகிறார்கள். 60 வயதைக் கடந்த, தோளில் எந்த வலியும் இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் தசைநாணில் கிழிசல் தெரியும். வயதால் வந்த கிழிசலுக்கு, பெரும்பாலோருக்கு முதலில் மூன்று மாதங்களேனும் முறையான இயன்முறைச் சிகிச்சை அளித்துப் பார்ப்பதே சரி. மீதமுள்ள தசைகள் வலுப்பட்டால் கை நன்றாக இயங்கத் தொடங்கிவிடுகிறது.

விபத்தால் வந்த கிழிசலின் நிலை வேறு. நேற்றுவரை நன்றாகத் தூக்கிய கையை, விழுந்த பிறகு திடீரெனத் தூக்கவே முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. கிழிந்த தசைநாண் காலப்போக்கில் உள்வாங்கி, தசை கொழுப்பாக மாறிவிட்டால் பிறகு தைத்தாலும் பலன் குறைவு. அத்தகையோர் சில வாரங்களுக்குள் தோள் அறுவைச் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும். தைக்க முடியாத நிலையில் மூட்டும் தேய்ந்துவிட்ட முதியவர்களுக்கு, குழிவும் குமிழும் இடம் மாற்றிப் பொருத்தப்படும் ரிவர்ஸ் தோள் மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் பால் கிராமோன் 1980களில் வகுத்த வடிவமைப்பு அதற்கு அடிப்படை.

கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் மட்டும் வலிக்கிறது, மேலே போனதும் குறைகிறது. ஏன்?

60 பாகை முதல் 120 பாகை வரை வலித்தால், எலும்பு முகட்டின் கீழே உள்ள தசைநாணும் அதன் மேலுள்ள பர்சா என்னும் திரவப் பையும் உறுத்தலுக்கு உள்ளாகின்றன என்று கொள்ளலாம். பெயின்ட் அடிப்பவர்கள், பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்து நெடுந்தூரம் நின்றபடி வருபவர்கள், வேகப்பந்து வீசுபவர்கள் ஆகியோரிடம் காண்பது இது. முன்பு முகட்டு எலும்பைச் செதுக்கும் அறுவைச் சிகிச்சை மிகுதியாக நடந்தது. எலும்பைச் செதுக்காமல் உள்ளே பார்த்துவிட்டு மட்டும் மூடிய போலி அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே இதற்கு முதல் மருந்து.

தோள் இறங்கிவிட்டால் நாமே இழுத்துப் போடலாமா? புத்தூர் கட்டுப் போடலாமா?

இழுக்கவே கூடாது. தோள் பெரும்பாலும் முன்பக்கமாகவே நழுவுகிறது. தோளின் உருண்டை வடிவம் போய் ஓரம் கட்டையாகத் தெரியும், காயமுற்றவர் கையை அசைக்கவே விடமாட்டார். கையை அவருக்கு வசதியான நிலையிலேயே துண்டால் தூளி கட்டித் தாங்கி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மேற்கையின் வெளிப்புறத்தில் ஒரு பகுதி மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். தோளின் வெளிப்புறத்தை மூடியுள்ள டெல்ட்டாய்டு தசைக்குச் செல்லும் ஆக்ஸிலரி நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது.

ஆந்திரத்திலுள்ள புத்தூரின் பெயரால் வழங்கும் எலும்பு கட்டும் முறையை அறிவிக்கும் பலகைகளைச் சென்னையின் பல தெருக்களில் காணலாம். தலைமுறை தலைமுறையாக மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் இகழவில்லை. ஆனால் தோள் நழுவும்போது புய எலும்பின் தலையும் உடைந்திருக்கக் கூடும்; எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால் உடைந்த துண்டு விலகி, நரம்பையும் இரத்தக் குழாயையும் காயப்படுத்தலாம். முதலில் எக்ஸ்ரே, பிறகு மூட்டைப் பொருத்துதல், மறுபடி ஓர் எக்ஸ்ரே என்ற வரிசையில் சமரசமே வேண்டாம். மின்சாரம் தாக்கியோ வலிப்பு வந்தோ தோள் நழுவினால் அது பின்பக்கமாக இருக்கக்கூடும். நேர்ப்படம் மட்டும் எடுத்தால் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் பக்கவாட்டுப் படமும் கேட்டு எடுங்கள். 20 வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்ப நழுவும் வாய்ப்பு மிக அதிகம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கோ ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைக்க வேண்டுமா?

பெரும்பாலான நடுப்பகுதி முறிவுகள் தூளியிலேயே கூடிவிடும். மேலே ஒரு புடைப்பு மட்டும் தங்கும். எலும்பு முனை தோலைத் துளைக்கும்படி நின்றாலோ, துண்டுகள் வெகுவாக விலகிச் சுருங்கியிருந்தாலோ, கையில் உணர்வு குறைந்தாலோ அறுவைச் சிகிச்சை தேவைப்படும். சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சேர்க்கும்போதே அதைப் பற்றிக் கேளுங்கள். குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்களுக்குப் புய எலும்பின் மேல்முனை முறிவதுண்டு. அதிலும் பலருக்கு அறுவைச் சிகிச்சையின்றியே அதே அளவு பலன் கிடைக்கிறது என்று 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது.

பக்கவாதம் வந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது தோள் வலிக்கிறது என்கிறார். என்ன செய்வது?

செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள். தசைகள் தளர்ந்திருப்பதால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். இடுப்பிலும் முதுகிலும் பிடித்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழையுங்கள். அன்பு மிகுதியால் அவசரப்பட்டு இழுப்பதே பல வீடுகளில் இந்த வலிக்குக் காரணமாக இருக்கிறது.

தோளில் வலி இருந்தும் தோளில் நோய் இல்லாமல் இருக்குமா?

இருக்கும். கழுத்து எலும்புகளுக்கிடையே நரம்பு நெருக்கப்பட்டால் வலி தோள் வழியாக முழங்கைக்குக் கீழும் இறங்கும். கழுத்தைத் திருப்பினால் கூடும். பித்தப்பை, உதரவிதானம் ஆகியவற்றின் கோளாறு தோளின் உச்சியில் வலியாக வெளிப்படும், ஏனென்றால் உதரவிதானத்தின் நரம்பும் தோளுச்சித் தோலின் நரம்பும் கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து புறப்படுகின்றன. புகைப்பிடிப்பவருக்கு நெடுநாளாக நீங்காத தோள் வலியோடு எடையும் குறைந்தால் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இடது தோளிலோ தாடையிலோ பரவும் வலியோடு மார்பில் இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதி இல்லை. எங்கே போவது?

சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுப் பிரிவும் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. பழைய எக்ஸ்ரே, சர்க்கரை அறிக்கை, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவைச் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்துகொள்ளலாம்.